மலையில் ஒரு தீபம், ஊரெல்லாம் விளக்கு!
புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எப்படி?

கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகுகிறீர்கள். உடனே ஸ்பீக்கரில் ஓர் ஒலி கேட்கிறது. எக்ஸ்புளோரரில் புதிய டிரைவ் தெரிகிறது. ஆன்டிவைரஸ் புரோகிராம், 'இதைச் சோதிக்கட்டுமா?' என்று கேட்கிறது. செருகியது ஒரே ஒரு பென் டிரைவ். அது இத்தனை பேருக்கு எப்படித் தெரிந்தது?

விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, தேடிப் போய்ச் சொல்வதில்லை. 'ஒரு சாதனம் மாறியிருக்கிறது' என்று பொதுவாக அறிவிக்கிறது. அந்தச் செய்தி யாருக்குத் தேவையோ அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். இப்படி நடக்கும் ஒன்றுக்கு 'ஈவன்ட்', அதாவது நிகழ்வு என்று பெயர்.

ஒரு பெரிய சாஃப்ட்வேருக்கு உள்ளேயும் இதே கதைதான். அது ஒரே துண்டாக எழுதப்படுவதில்லை. பல பகுதிகளாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 'மாட்யூல்' என்று பெயர். இவை ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதைப் பொறுத்தே அந்த சாஃப்ட்வேர் சமர்த்தாக ஓடுவதும் அடிக்கடி 'ஹேங்' ஆவதும் அமையும்.

தீபம் சொல்லும் பாடம்

என் சொந்த ஊர் திருவண்ணாமலை. இதை விளக்க எங்கள் ஊர்க் கார்த்திகை தீபம் போதும். அன்று மாலை 6 மணிக்குக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் காட்சி தருவார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றப்படும். அதே வேளையில் 2,668 அடி உயர மலை உச்சியில், கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படும். மலையில் ஜோதி தெரிந்ததும் வீட்டு வாசல்களில் அகல் விளக்கு ஏற்றுவார்கள்.

மலை உச்சியில் தீபம் ஏற்றுபவருக்கு, எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று தெரிய வேண்டியதில்லை. ஊரில் புதிதாக ஒரு நகர் உருவானாலும் மலையில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வீட்டில் எண்ணெய் தீர்ந்தாலும் அடுத்த வீட்டு விளக்கு எரியும்.

இதற்குப் பதிலாக ஒருவர் வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, 'விளக்கேற்றுங்கள்' என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. அவர் அங்கேயே நின்றால்? தெரு முழுவதும் இருட்டுதான்.

விடுதியில் நடந்தது

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அந்தப் பாதை முழுவதும் ஜனக்கூட்டம். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். வேறொருவர் எழுதித் தந்த புரோகிராமை அவர் பயன்படுத்தி வந்தார். அறை கொடுக்கும்போது அது இந்த வரிசையில் வேலை செய்தது:

1. அறைப் பதிவைச் சேமி
2. எஸ்.எம்.எஸ். அனுப்பு
3. பில் அச்சிடு
4. காலி அறைப் பலகையை மாற்று
5. துப்புரவுப் பட்டியலில் சேர்

சாதாரண நாட்களில் குறை இல்லை. ஒரு பௌர்ணமி இரவு, கூட்டத்தில் மொபைல் நெட்வொர்க் திணறியது. இரண்டாவது படியில் புரோகிராம் நின்றுவிட்டது. பில் வரவில்லை, பலகை மாறவில்லை. குழந்தைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஜனங்கள் வரிசையில் காத்திருந்தார்கள். கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் சாவி கொடுத்தார்கள். எஸ்.எம்.எஸ். போகாதது சின்ன விஷயம். அதற்காக அறையே கொடுக்க முடியாமல் போனதுதான் கோளாறு.

அந்தப் புரோகிராமை ஆர்எக்ஸ்ஜாவா என்ற லைப்ரரியை வைத்து மாற்றிக் கொடுத்தேன். பதிவைச் சேமித்ததும் 'அறை தரப்பட்டது' என்று ஒரே ஓர் அறிவிப்பு. மற்ற நான்கு வேலைகளும் அதைக் கேட்கும் தனித்தனி மாட்யூல்கள். எஸ்.எம்.எஸ். மாட்யூல் தனி 'த்ரெட்'டில், அதாவது பக்கத்திலேயே தனியாக ஓடும் வேலை வரிசையில் ஓடுகிறது. இது முக்கியம். அறிவிப்பு முறைக்கு மாறினால் மட்டும் போதாது. எல்லோரையும் ஒரே த்ரெட்டில் விட்டால் பழையபடி ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

அடுத்த பௌர்ணமியிலும் எஸ்.எம்.எஸ். தாமதமாகத்தான் போனது. ஆனால் சாவிக்காக யாரும் நிற்கவில்லை. பிறகு வண்டி நிறுத்துமிடக் கணக்கு வேண்டும் என்றார். ஐந்தாவதாக ஒரு மாட்யூலைச் சேர்த்தேன். பழைய நான்கையும் தொடவே இல்லை.

எங்கிருந்து வந்தது?

எண்ணம் பழையது. 1994-இல் வெளியான 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தில் இதற்கு 'அப்சர்வர்' என்று பெயர். மைக்ரோசாஃப்டில் எரிக் மெய்யர் குழுவினர் இதை விரிவாக்கி, 2009-இல் 'ரியாக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற லைப்ரரியாக வெளியிட்டார்கள். சுருக்கமாக ஆர்எக்ஸ். 2013-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அதன் ஜாவா வடிவத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவே ஆர்எக்ஸ்ஜாவா.

வெடியா, தீபமா?

ஆர்எக்ஸில் அறிவிப்புகளுக்குப் பல வகை உண்டு. இரண்டை மட்டும் பார்ப்போம்.

பப்ளிஷ் சப்ஜெக்ட்: இது வாணவெடி மாதிரி. வெடித்த நேரத்தில் அங்கே இருந்தவர்களுக்கே கேட்கும். பிறகு வந்தவர்களுக்கு அடுத்த வெடிதான்.

பிஹேவியர் சப்ஜெக்ட்: இது மகாதீபம் மாதிரி. தீபம் 11 நாட்கள் எரியும். நான்காம் நாள் இரவு ஊருக்கு வந்தவரும் அதைப் பார்க்கலாம். தாமதமாகச் சேரும் மாட்யூலுக்குக் கடைசி நிலவரம் உடனே கிடைத்துவிடும். விடுதியின் காலி அறைப் பலகையை நடுராத்திரியில் மூடித் திறந்தால், அதற்கு இப்போதைய நிலவரம் வேண்டும். அதற்கு இந்த வகைதான் பொருந்தும்.

வரும் அறிவிப்புகளை வடிகட்டவும் வசதி உண்டு. ஒரு தேடல் பெட்டியில் 'திருவண்ணாமலை' என்று தட்டச்சு செய்யும்போது, ஒவ்வோர் எழுத்துக்கும் தேடினால் கம்ப்யூட்டருக்கு வீண் வேலை. 'டிபவுன்ஸ்' என்ற கட்டளையைச் சேர்த்தால், நீங்கள் சற்று நிறுத்திய பிறகே தேடும்.

கவனிக்க வேண்டியவை

* சந்தாவை நிறுத்த மறக்காதீர்கள். அறிவிப்பைக் கேட்கப் பதிவு செய்வதற்கு 'சப்ஸ்கிரைப்' என்று பெயர், நம் பத்திரிகைச் சந்தா போலத்தான். வீடு மாறியவர் சந்தாவை நிறுத்தாவிட்டால் பழைய வீட்டு வாசலில் புத்தகங்கள் குவியும். அதுபோல, மூடிய விண்டோவின் சந்தாவை நிறுத்தாவிட்டால் அது மெமரியை விடாமல் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மெல்ல மெல்ல மந்தமாகும்.

* பதில் தேவைப்படும் இடத்தில் அறிவிப்பு வேண்டாம். அறைப் பதிவு சேமிக்கப்பட்டதா என்பது உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். அதை நேரடியாகச் செய்து, வெற்றி என்று தெரிந்த பிறகே அறிவிக்க வேண்டும். விடுதியில் முதல் படியை மட்டும் அப்படியே விட்டுவைத்தது இதனால்தான்.

* எல்லாவற்றையும் அறிவிப்பாக்காதீர்கள். யார் சொன்னது, யார் கேட்டது என்று தேடுவதே பிறகு பெரிய வேலையாகிவிடும். அறிவிப்புகளின் பட்டியலை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள்.

1. முதல் கட்டத்தில் 100, அதன் கீழ் 250 என்று தட்டச்சு செய்யுங்கள்.
2. மூன்றாவது கட்டத்தில் சமக்குறி இட்டு, முதல் கட்டத்தைக் கிளிக் செய்து, கூட்டல் குறி இட்டு, இரண்டாவது கட்டத்தைக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். 350 என்று வரும்.
3. இப்போது 100-ஐ 400 ஆக மாற்றி என்டர் தட்டுங்கள்.

மூன்றாவது கட்டத்தில் 650 என்று தெரியும். அதை நீங்கள் தொடவே இல்லை. முதல் கட்டம் மாறிய செய்தி கிடைத்ததும் அது தானாகத் தன்னைத் திருத்திக்கொண்டது. வேறோர் இடத்தில் அதே முதல் கட்டத்தைப் பயன்படுத்தி இன்னொரு கணக்கு போட்டுப் பாருங்கள். பழைய கணக்குக்கு ஒன்றும் ஆகாது. புதியதும் தானாக மாறும். இந்த ஒரு பழக்கத்தைத்தான் ஆர்எக்ஸ் போன்ற லைப்ரரிகள் பெரிய புரோகிராம்களுக்குக் கொண்டு வருகின்றன.