வானிலிருந்து ஓர் அளவை – 9: படமாக இறக்குவதா, எண்ணாக இறக்குவதா?

சென்ற வாரம் செம்பரம்பாக்கம் ஏரியின் இரண்டு படங்களைத் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்று 2019 ஜூன் மாதத்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாமே வற்றி, சென்னை தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்த நேரம். மற்றொன்று ஏரி நிறைந்திருந்தபோது எடுத்தது. இரண்டையும் எடுத்தவை ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள். யார் வேண்டுமானாலும் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசமாகப் பெறலாம். இனி அவற்றை நம் கணினிக்கு இறக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஒரு பட்டியல் விரிகிறது: ஜேபிஜி, பிஎன்ஜி, 8 பிட் டிஃப், 16 பிட் டிஃப், 32 பிட் டிஃப். பழக்கமான பெயர் என்பதால் கை ஜேபிஜி பக்கம் போகும். ஏரியின் பரப்பைக் கணக்கிட வந்தவருக்கு அந்த இடத்திலேயே வேலை கெட்டுவிடும்.

சென்டினல்-2 அளந்து தருவது எண். தரையில் பட்ட வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற பின்னத்தை 10,000 ஆல் பெருக்கி முழு எண்ணாகப் பதிகிறார்கள். 2 சதவீதம் திரும்பினால் 200. அண்மை அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடும். அதனால் ஏரியில் எண்கள் சிறியவை. ஒரு பிக்ஸலில் 200, பக்கத்தில் 210 என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் படத்தில் இருப்பவை 256 படிகள்தான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்காக 0 முதல் 4,000 வரையுள்ள எண்களை அந்தப் படிகளுக்குள் அடைத்தால், ஒரு படிக்கு ஏறக்குறைய 16 எண்கள். 200-ம் 13 ஆகிறது, 210-ம் 13 ஆகிறது. 4,000-ஐத் தாண்டிய மேகம் முழுக்க 255. அரைத்த மாவிலிருந்து அரிசியை எண்ண முடியாது, இதுவும் அப்படித்தான்.

ஜேபிஜி இன்னும் ஒரு படி மேலே போகும். படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைத் தள்ளிவிடும். கல்யாண ஆல்பத்துக்கு அது போதும். இங்கே ஒரு பிக்ஸல் 10 மீட்டர் என்றால், கட்டம் 80 மீட்டர் பக்கமுள்ள சதுரம். நீரும் கரையும் சந்திக்கும் கட்டங்களில்தான் கலப்படம் அதிகம் நடக்கிறது. ஏரி சுருங்கியதா என்று பார்ப்பவருக்கோ அந்த ஓரம்தான் முக்கியம். முழுத் தொகுப்பாக இறக்கினால் உள்ளே ஜேபெக்2000 கோப்புகள் இருக்கும். பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். அவை இழப்பில்லாமல் சுருக்கப்பட்டவை, எண்கள் அப்படியே கிடைக்கும்.

நான் அழுத்திச் சொல்வது டிஃப்பின் ஒரு வகையான ஜியோடிஃப். 1990களில் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த நைல்ஸ் ரிட்டர் முதலானோர் வகுத்த வடிவம் இது. படத்தின் மூலை பூமியில் எங்கே விழுகிறது, பிக்ஸல் எத்தனை மீட்டர், எந்த ஆயத்தொலை முறை என்பதெல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் டிஃப் என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. திரையில் தெரியும் 'இயல்பு நிற' அடுக்கை 16 பிட்டில் இறக்கினாலும் அது பளிச்சாக்கிய படம்தான். ஒவ்வொரு வகைக் கதிருக்கும் தனித்தனியாகப் பதிந்த மூலப் பட்டைகளைக் கேட்டு வாங்க வேண்டும். நமக்கு வேண்டியவை பச்சையான பட்டை 3-ம், அண்மை அகச்சிவப்பான பட்டை 8-ம்.

இந்த இரண்டையும் வைத்து மெக்ஃபீட்டர்ஸ் 1996-ல் சொன்ன நீர்க் குறியீட்டைக் கணக்கிடலாம்: பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை -1-க்கும் +1-க்கும் நடுவில் வரும் பின்னம். அதை முழு எண் கோப்பில் சேமித்தால் 0.37 வெறும் 0 ஆகிவிடும். எனவே பட்டைகளுக்கு 16 பிட், குறியீட்டுக்குப் பின்னத்தைத் தாங்கும் 32 பிட். சென்டினல் தரவைப் பிரித்துத் தரும் சதுரம் ஒன்றில் 10,980-க்கு 10,980 பிக்ஸல்கள். சுருக்காவிட்டால் ஒரு பட்டை 16 பிட்டில் சுமார் 241 எம்பி, 32 பிட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. பயந்து 8 பிட்டுக்கு இறங்காதீர்கள். ஏரியைச் சுற்றி மட்டும் வெட்டி எடுங்கள். இழப்பில்லாத டிஃப்ளேட் சுருக்கமும் இருக்கிறது.

எண்ணைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அது எப்படி உருவானது என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். 2022 ஜனவரி 25-க்குப் பிறகு புது முறையில் செயலாக்கிய சென்டினல்-2 கோப்புகளில் எல்லா எண்ணோடும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். பச்சை 600, அகச்சிவப்பு 200 என்றால் குறியீடு 0.5. ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் 1,600-ம் 1,200-ம் ஆகி, விடை 0.14-க்கு இறங்கும். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நீர் என்ற எளிய விதி இதில் தப்பிவிடும், 0.3-ஐ எல்லையாக வைத்தவருக்கு நிறைந்த ஏரியும் வற்றியதாகத் தெரியும். இது பொதுமன்றத்தில் சான்றாக வைக்கப்படும் படமென்றால் விளைவை நினைத்துப் பாருங்கள். இந்தக் குறிப்பு இருப்பது தொகுப்போடு வரும் எக்ஸ்எம்எல் கோப்பில்; அதை அழிக்காதீர்கள்.

ஏரிப் படத்தைத் தாண்டி, மழையளவு, கடல் வெப்பம் போல நாள்வாரியாக அடுக்கடுக்காக வரும் தரவுக்கு நெட்சிடிஎஃப், எச்டிஎஃப் என்ற வடிவங்கள் பொருத்தம். இன்சாட்-3டி வானிலைச் செயற்கைக்கோளின் தரவை இஸ்ரோ எச்டிஎஃப்5-ல்தான் தருகிறது.

கடைசியாக, ஏரியின் எல்லைக்கோடு. பலரும் ஷேப்ஃபைலாகச் சேமிக்கிறார்கள். அதோடு வரும் அட்டவணையில் பத்தியின் தலைப்புக்கு 10 பைட் மட்டுமே இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 'ரி' என்பதற்கே மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு பைட் போகும். 'ஏரியின்பெயர்' என்று தலைப்பிட்டால் 'ஏரி' வரைதான் நிற்கும், 'ஏரியின்பரப்பு' என்பதும் அதே 'ஏரி'யில் முடியும். நீங்கள் தமிழில் பெயரிடுபவர் என்றால் ஜியோபேக்கேஜைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து துண்டுக் கோப்புகளாகச் சிதறாமல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். தலைப்பும் முழுதாக நிற்கும்.

(தொடரும்)