செய்மதிப் படமும் சிறுபோக நீரும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலையடுத்த மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே வயல்வெளிகள் நிறைந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். மாமாங்கேஸ்வரர் ஆலயம் அமைந்த அமிர்தகழி எழுவான்கரையைச் சேர்ந்ததாகும். எழுவான்கரையின் மரக்கறித் தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. படுவான்கரையின் சிறுபோக வயல்கள் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களை நம்பியவை. இரு கரையினரும் விதைக்குமுன் விடைகாண வேண்டிய கேள்வி ஒன்றே: உள்ள நீருக்கு எவ்வளவு நிலம் செய்யலாம்? இதற்குச் செய்மதிப் படங்கள் இன்று நல்ல துணையாகும்.

செய்மதி காண்பது யாது?

பச்சையிலை சிவப்பொளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். நீரோ அகச்சிவப்பொளியைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். இவ்வேறுபாட்டைக் கொண்டு செழித்த பயிர், வாடிய பயிர், தரிசு, நீர்ப்பரப்பு என்பவற்றைப் பிரித்தறியலாம். லான்ட்சற் வரிசையின் முதற் செய்மதி 1972 இல் ஏவப்பட்டது. 2015 இல் ஏவத் தொடங்கிய ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கொருமுறை ஒரே இடத்தைப் படம்பிடிக்கின்றன. இவ்விரு வரிசைப் படங்களும் இலவசமாகக் கிடைப்பனவாகும்.

சென்ரினல்-2 படத்தின் நுண்ணிய புள்ளியொன்று நிலத்தில் 10 மீற்றர் சதுரத்தைக் குறிக்கும். எனவே ஓர் ஏக்கர் வயலில் ஏறக்குறைய 40 புள்ளிகள் அமையும். அரைக்கால் ஏக்கர்த் தோட்டத்தில் ஐந்தே அமையும். ஆகவே வயல்வெளிக்கு இப்படம் நன்கு பயன்படும். சிறு தோட்டத்தின் ஒவ்வொரு பாத்தியையும் காட்டாது.

குளத்துநீரைப் பங்கிடும் முறை

ஓர் உதாரணம் கொள்வோம். சிறுபோகத் தொடக்கத்தில் ஒரு குளத்திற் பாய்ச்சலுக்குரிய நீர் 400 ஏக்கர் அடி. வாய்க்கால் இழப்பும் சேர்த்து நெல்லுக்கு ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி தேவை எனின், 80 ஏக்கரே செய்யலாம். கடந்த சிறுபோகத்தில் இதேயளவு நீர் இருந்தது. அப்போதைய மே மாதப் படம் 110 ஏக்கர் பசுமையைக் காட்டுகிறது. யூலை மாதப் படத்தில் வாய்க்காலின் கடைசி 30 ஏக்கர் காய்ந்து தோன்றுகிறது எனக் கொள்வோம். அந்த 30 ஏக்கருக்கும் இட்ட விதையும் உரமும் கூலியும் வீணாயின. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால், வீண்வாதம் குறையும்.

அதே நீரில் 60 ஏக்கர் நெல்லுக்கு 300 ஏக்கர் அடி போக, எஞ்சிய 100 ஏக்கர் அடியைப் பயறு, கௌப்பி போன்ற உபவுணவுப் பயிர்களுக்கு வழங்கலாம். அவற்றுக்கு நெல்லின் அரைப்பங்கு நீர் போதுமெனக் கொண்டால், மேலும் 40 ஏக்கர் செய்ய இயலும். நீர் குறைந்த போகத்தில் குளத்தை அண்டிய நிலத்தை மட்டும் செய்து, அதனை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் 'பெத்ம' வழக்கம் இலங்கையின் குளக்கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. வயல்வெளியின் சரியான வரைபடம் கையிலிருப்பின், இப்பங்கீட்டை யாருக்கும் மனக்குறையின்றிச் செய்யலாம்.

எழுவான்கரைத் தோட்டங்கள்

கடலோர மணலில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விதி. ஆதலால் அளவுமீறி இறைத்து மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும், உவர்நீர் வெகுவாக மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர் இக்கரையோரத்துக் கிணறுகள் பல உவர்ப்படைந்ததைக் கமக்காரர் அறிவர். கிணற்றின் உவர்ப்பைச் செய்மதி காட்டாது. கத்தரி, மிளகாய், வெண்டி நடுமுன் நீரைப் பரிசோதிப்பித்தல் அவசியம். தோட்டத்தையும் வாவியோரத்தையும் கிணறுகளையும் வரைபடத்திற் குறித்து, ஒவ்வொரு கிணற்றின் உவர்ப்பளவையும் மாதந்தோறும் அதில் எழுதிவைத்தால், எப்பக்கத்திலிருந்து உவர் வருகின்றதென்பது புலப்படும்.

மழைக்காலத்தில்

பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழை மேகம் வானை மூடுவதால் சாதாரண படங்கள் பயன்படா. அக்காலத்துக்கு மேகத்தை ஊடுருவும் ராடர்ப் படங்கள் உதவும். 2014 இல் ஏவப்பட்ட சென்ரினல்-1 இவ்வகையினது. வெள்ளம் தேங்கிய வெளி இப்படத்திற் கருமையாகத் தோன்றும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. கைத்தொலைபேசியுடன் வயல் வரம்பைச் சுற்றிநடந்து எல்லையைக் குறித்துக்கொள்க. இவ்வளவையில் சில மீற்றர் வேறுபாடு இருக்கும். எனவே எல்லைத் தகராறுக்கு இது சான்றாகாது.

2. சென்ற சிறுபோகத்தின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று காலப் படங்களைப் பெறுக.

3. படத்தில் வெளுத்துத் தோன்றும் இடத்தை நேரிற் சென்று பார்க்க. அது உவராகவோ, மேடாகவோ, முளைக்காத நிலமாகவோ இருக்கலாம்.

4. குளத்தின் நீரளவை நீர்ப்பாசன உத்தியோகத்தரிடம் கேட்டறிந்த பின்னரே விதைப்புப் பரப்பைத் தீர்மானிக்க.

படம் பெறவும் வாசிக்கவும் விவசாயப் போதனாசிரியரின் உதவியை நாடலாம். செய்மதி நீரைப் பெருக்கித் தராது. உள்ள நீர் எங்கே சென்றது, எங்கே செல்லவில்லை என்பதையே காட்டும். அதனையறிந்து அளவோடு விதைப்பவரின் பயிர் அறுவடைவரை நிற்கும்.