தரிசு என்பது யாருடைய சொல்?

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குள் போனால் செம்மண், முட்புதர், நடுவே கல்லாகிப்போன அடிமரங்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழசு. வேலிக்கு வெளியேயும் அதே செம்மண், அதே புதர். ஆனால் உள்ளே இருப்பது தேசியச் சின்னம்; வெளியே இருப்பது 'சும்மா கெடக்குற எடம்'. இரண்டையும் பிரிப்பது மண் அல்ல, ஒரு பெயர்ப்பலகை.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வீட்டு முற்றத்துப் புல் எட்டு அல்லது பத்து அங்குலத்தைத் தாண்டினால் நோட்டீஸ் வரும். வெட்டாவிட்டால் நகராட்சியே வெட்டிக் கூலியை வீட்டுக்காரர் தலையில் கட்டும். நமக்கு இது வேடிக்கையாகப் படலாம். ஆனால் நம்மிடமும் இப்படியொன்று இருந்தது. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் (புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வரும்வரை உயிரோடிருந்தது) கேடான செடிகொடிகளை அகற்றச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஆளில்லாத மனை வேலைவெட்டியற்ற, ஒழுங்கீனமான ஆட்கள் கூடும் இடமாகிவிட்டால் அடைத்துச் சுத்தம் செய்ய உரிமையாளருக்கு உத்தரவிடலாம் என்றது. புதரைப் பற்றிய விதி சட்டென்று ஆளைப் பற்றிய விதியாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும்.

கிராமத்தில் இதே வேலையை வருவாய்த்துறைச் சொற்கள் செய்கின்றன. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. நிலத்துக்குப் பெயர் வைப்பது அதிலிருந்து வரக்கூடிய வரி. அங்கே ஆடு மேய்வது, சுள்ளி பொறுக்குவது, கீரை கிள்ளுவது எதுவும் அடங்கலில் ஏறாது. ஏறாததால் அது பயன்பாடும் ஆகாது. நிலமில்லாதவர் அங்கே குடிசை போட்டால் மட்டும் 'பி மெமோ' வரும்.

சீமைக்கருவேலம் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் அரசே பரப்பிய மரம் அது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, பட்டா நிலத்தில் உள்ளதை உரியவர்கள் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும், தவறினால் அரசு அகற்றி இருமடங்குச் செலவை வசூலிக்கும் என்றது. அதே ஆண்டில் சென்னை அமர்வு அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. நான் மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கண்மாயையும் மேய்ச்சலையும் அது விழுங்கியது உண்மை. ஆனால் இராமநாதபுரத்தில் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைத்தவர்களிடம் யார் கேட்டார்கள்? ஒரு காலத்தில் நடு என்ற அதிகாரம் இன்னொரு காலத்தில் பிடுங்கு என்கிறது. இரண்டு தடவையும் கூலிக்குக் குனிந்தவர் ஒருவரேதான்.

அப்படியானால் விதியே வேண்டாமா? வேண்டும். கொசுவும் பாம்பும் வெறும் சொல்லாடல் அல்ல. பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீரால் பிள்ளைக்கு டெங்கு வந்தவரிடம் போய் அதிகாரக் கோட்பாடு பேச முடியாது. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அனுப்பும் நோட்டீஸுக்கு அங்கே நியாயம் இருக்கிறது. தேங்கிய நீரைக் காட்ட முடியும், அதிலுள்ள புழுவைக் காட்ட முடியும். 'அலங்கோலமா இருக்கு' என்பதை அப்படிக் காட்ட முடியாது. அது பார்ப்பவரின் கண்ணில் இருப்பது. ஆகவே எந்த விதியிடமும் நாம் மூன்று கேள்வி கேட்கலாம். கெடுதல் என்ன? யாருக்கு? அந்த இடத்தை நம்பி வாழ்பவரைக் கேட்டீர்களா?

திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகள் இருக்கின்றன. பாறை ஆழமாக வெட்டப்பட்டுப் பள்ளமாகிறது. குத்தகைச் சீட்டு இருப்பதால் அதன் பெயர் தொழில். பக்கத்தில் ஆடு மேயும் முள்ளுக்காட்டின் பெயர் தரிசு. கவனிப்பாரற்ற நிலம் எது என்று அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கேட்டுப் பார்க்கலாம்.