மீட்டர் முள் சிக்கினால் கண்ணாடியைத் தட்டாதீர்கள்

தோட்டத்துக் கிராணி, பள்ளி ஆசிரியர் என்றாலே மோரிஸ் மைனர் நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான அந்தக் காரை, அப்பா ஓட்டியது என்ற பாசத்தால் விற்காமல் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சினைப் பார்க்க ஆள் கிடைத்துவிடுவார். மீட்டர் முள் சிக்கிக்கொண்டால்தான் தொல்லை.

இது சின்னக் கோளாறு அல்ல. ரந்தாவிலிருந்து லிங்கி பக்கம் இரவில் போகும்போது, பாதித் தொட்டி பெட்ரோல் இருப்பதாக முள் பொய் சொன்னால், வழியில் இருபுறமும் செம்பனைதான் துணை. வேகமானியும் அப்படித்தான். பழைய மோரிசில் அது மைல் கணக்கில் இருக்கும். 60 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் முள் 37ஐத் தாண்டக்கூடாது. அது 30இலேயே நின்றுவிட்டால், ஓட்டுநர் கண்ணைக் கட்டிக்கொண்டு போவது போலத்தான்.

வேகமானிக்குள் மின்சாரம் இல்லை. கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அந்தக் காந்தம், தொடாமலேயே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. கிண்ணத்தோடு சேர்ந்த முள்ளை, தலைமுடி போன்ற சுருள்வில் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. எனவே முள் துள்ளினால் முதலில் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கார் நின்ற பிறகும் முள் இறங்காவிட்டால், அச்சில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கலாம், அல்லது வளைந்த முள் முகப்பில் உரசலாம்.

பலர் செய்வது கண்ணாடியைத் தட்டுவது. அடுத்தது ஸ்பிரே எண்ணெய் அடிப்பது. இரண்டாவதுதான் பெரிய கேடு. ஸ்பிரே காய்ந்ததும் தூசியைப் பிடித்து மறுபடி பிசினாகும், முகப்பின் எழுத்தையும் கெடுக்கும். கேபிளுக்குக் கிரீஸ் போடும்போதும் கவனம் தேவை. கீழ்ப்பகுதிக்கு மெல்லிய பூச்சு போதும். மீட்டர் பக்கத்து முனையில் சில அங்குலம் காய்ந்தே இருக்கட்டும். இல்லையென்றால் சுழலும் கேபிள் கிரீஸை மேலே ஏற்றி, மீட்டருக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மீட்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பக்கூடாது. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பினால் பள்ளத்துக்கு நேராக வந்து கழன்றுவிடும். உரசும் முள்ளை மயிரிழை அளவு தூக்கிவிட்டால் போதும். பிடுங்கினால் பூஜ்யம் தவறிவிடும். அச்சு இறுகியிருந்தால், சுத்தம் செய்து, கடிகார எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு ஒரு புள்ளி வைத்தால் போதும். மிகப் பழைய சில மீட்டர்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூச்சு இருந்ததால், முகப்பைச் சுரண்டவே கூடாது.

பெட்ரோல் மீட்டரின் கதை வேறு. முள் நின்றிருந்தாலும் குற்றம் தொட்டியிலுள்ள மிதவையிலோ, துருப்பிடித்த எர்த் கம்பியிலோ இருக்கலாம். சாவியை அணைத்து, தொட்டியின் மிதவைக் கம்பியைக் கழற்றி, அதன் முனை எதிலும் படாமல் வைத்து, மீண்டும் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். முள் இடம் மாறினால் மீட்டர் சிக்கவில்லை. 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய பல பிரிட்டிஷ் கார்களில் முள் சூட்டால் நகர்வதால், மெதுவாக ஏறுவது இயல்புதான்.

சிரமம் எதற்கு, வேறு மீட்டர் வாங்கிவிடலாமே என்பார்கள். அதோடு அப்பா ஓட்டிய மைல் கணக்கும் போய்விடும். வேலை முடிந்ததும் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.