மார்கழிப் பனியில் சாய்ப்புக்குத் தள்ளப்படும் பெற்றோர்: மனு கொடுக்க வேண்டிய இடம் எது?

டிசம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் ஸ்டார் தொங்காத வீடு குறைவு. கிறிஸ்துமஸையொட்டி முதியோருக்குப் போர்வை கொடுக்கும் வழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் போர்வையை வாங்கிப் போகும் ஆச்சி ராத்திரி எங்கே படுக்கிறார் என்று எவரும் விசாரிப்பதில்லை. வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்பக்கத் தகரச் சாய்ப்பில், சாரல் அடிக்கும் கட்டிலில் முடங்கிக் கிடப்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

'இங்கென்ன ஊட்டியா, குளிரில் விறைத்துப்போக?' என்ற அலட்சியம் வேண்டாம். எழுபதைத் தாண்டிய உடம்பில் சதையும் நடமாட்டமும் குறைந்துவிடும். உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தியும் மந்தமாகும். நனைந்த சேலையோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால் நம் ஊர்க் காற்றே போதும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது உயிராபத்து. பேச்சு குழறும், தூக்கம் அமுக்கும், ஆள் அடையாளம் தடுமாறும். 'வயசாயிட்டுல்லா, அப்படித்தான் பேசுவாவ' என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் வினை. பழைய பாதரசத் தெர்மாமீட்டரின் அளவுகோல் 35 டிகிரியை ஒட்டியே தொடங்குவதால் அதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. வயிற்றில் கைவைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயே சில்லிட்டிருந்தால் ஈரத்துணியை அகற்றி, தலையையும் சேர்த்துப் போர்த்தி, 108-ஐ அழைக்க வேண்டும். சுக்குக் காப்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நல்லெண்ணத்தில் செய்யும் இரண்டு காரியங்கள் ஆபத்தானவை. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்தில் வெந்நீர்ப் பையை வைப்பது ஒன்று: சுடுவது அவர்களுக்குத் தெரியாது, காலையில் கொப்புளமும் பிறகு ஆறாத புண்ணும்தான் மிச்சம். கதகதப்புக்கென்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது மற்றொன்று. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். மூடிய அறையில் கரி வேண்டாம், ஒரு நாள்கூட வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறந்திருக்காது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. மின்சாரமும் செல்போனும் செத்துப்போயின. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியே வாழும் முதியோர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் மழைக்கு முன்பே அதிகாரிகள் கையில் இருக்க வேண்டாமா? வெள்ளம் வந்த பிறகு படகில் தேடுவது நிர்வாகம் ஆகாது.

இனி சாய்ப்பில் கிடப்பவரின் கதை. அவர் முதலில் போவது காவல் நிலையம். 'குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கோங்க' என்று அங்கே அனுப்பிவிடுவார்கள். அடுத்து, திங்கள்கிழமை பஸ் பிடித்துக் கோரம்பள்ளம் கலெக்டர் அலுவலகம். அங்கே கொடுக்கும் மனு கீழே இறங்கி உரிய மேசைக்கு வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்.

போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். ஆர்.டி.ஓ. என்றதும் லைசென்ஸ் எடுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதலாம்: தன் வயது, முகவரி, ஒவ்வொரு பிள்ளையின் பெயர், முகவரி, தங்க இடம், மருந்து, மாதச் செலவு என்று கேட்பது என்ன. கூடவே ஆதார் நகல், மருந்துச் சீட்டுகள், எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல். மனுவின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது. முத்திரை இல்லாவிட்டால் 'அப்படி ஒரு மனுவே வரவில்லை' என்ற பதில் வரும். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; தக்க காரணம் இருந்தால் 30 நாள் கூடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிடலாம். பிள்ளையில்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாகும் உறவினர்மீதும் மனு போடலாம்.

எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற வழி, இதே சட்டத்தின் பிரிவு 23. ஆனால் 'கடைசிவரை கவனித்துக்கொள்வேன்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதே வழக்கின் உயிர். நிபந்தனை இல்லாத பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, தாய்க்கே சொத்தைத் திருப்பித் தரச் செய்தது. தீர்ப்புகளை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். இருக்க இடமும் சாப்பாடும் வைத்தியமும் தர வேண்டும் என்ற வரி செட்டில்மென்ட் பத்திரத்திலேயே இருக்கட்டும். பத்திரம் எழுதுகிறவர் 'மகன்தானே, எதுக்கு?' என்பார். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

நடக்க முடியாதவர்களுக்கு 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண் இருக்கிறது. தானே மனு கொடுக்க இயலாதவர் சார்பில், அவர் ஒப்புதலோடு வேறொருவரோ தொண்டு நிறுவனமோ மனு கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கலாம்; இந்த டிசம்பரில் போர்வையோடு வாசலுக்கு வருகிற சபை வாலிபரும் கொடுக்கலாம்.