அக்கியும் இல்ல, சூட்டுக் கொப்புளமும் இல்ல: ஹெர்பிஸ் பத்தி வெளிப்படையா ஒரு பேச்சு

இன்னைக்கு டாபிக், நாம கூகுள்ல மட்டும் கேக்குற ஒரு விஷயம்: பிறப்புறுப்புல வர்ற ஹெர்பிஸ்.

பேரையூர்ல ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ அந்த இடத்துல கொத்தா சின்னக் கொப்புளங்கள் வருதுன்னு வைங்க. உடைஞ்சு புண்ணாகுது. சிறுநீர் போனா எரிச்சல், தொடை இடுக்குல நெறி கட்டுது, காய்ச்சலும் இருக்கு. வீட்டுல சொல்ல முடியாது. மெடிக்கல் ஷாப்காரர் அப்பாவுக்குத் தெரிஞ்சவர். கடைசியில 'உடம்புச் சூடு', 'அக்கி'ன்னு தானே ஒரு பேர் வச்சு, ஏதோ களிம்பைத் தடவுவாங்க. ரெண்டு மூணு வாரத்துல புண் ஆறிடும். சிக்கலே அங்கதான்.

ஏன்னா, எதையும் தடவலைன்னாலும் அது ஆறியிருக்கும். முதல் தடவை வர்ற புண் பொதுவா 2 முதல் 4 வாரத்துல தானாவே ஆறும். ஆனா வைரஸ் போகாது. முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குப் பக்கத்துல இருக்கிற நரம்பு முடிச்சுகள்ல போய்த் தங்கிடும், அப்பப்போ திரும்ப எழும்பும். அதனால 'நிரந்தரத் தீர்வு'ன்னு சுவர்ல எழுதி, லாட்ஜ்ல ரூம் போட்டு வைத்தியம் பாக்குறவங்களுக்குப் பணம் கொட்டாதீங்க. புண் ஆறுறதை வச்சு அவங்க பேர் வாங்கிக்குவாங்க. இந்த வைரஸை உடம்பை விட்டே விரட்டுற மருந்து இன்னும் உலகத்துலயே இல்ல.

அக்கிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே வைரஸ் குடும்பம், ஆனா வேற வேற ஆளு. சின்னம்மையை உண்டாக்குற வைரஸ் பல வருஷம் கழிச்சு முழிச்சுக்கிட்டா அக்கி. அது பால்வினை நோய் இல்ல. ஹெர்பிஸ்ல எச்.எஸ்.வி.-1, எச்.எஸ்.வி.-2ன்னு ரெண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டுல புண்ணா வரும். வாய்வழி உறவுல கீழேயும் பரவும். உலக சுகாதார நிறுவனத்தோட 2020 மதிப்பீட்டுப்படி, 15–49 வயசுல சுமார் 52 கோடி பேருக்கு இரண்டாம் வகை இருக்கு. அதுல நிறைய பேருக்கு இருக்கிறதே தெரியாது.

இதனாலதான் 'யார் யாருக்குக் கொடுத்தா'ன்னு சண்டை போடுறதுல அர்த்தம் இல்ல. தொற்று வந்து மாசங்கள், வருஷங்கள் கழிச்சுக்கூட முதல் புண் தெரியலாம். இன்னைக்கு வந்த கொப்புளம், துணை நேத்து துரோகம் பண்ணதுக்குச் சாட்சி கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? புண் ஈரமா இருக்கும்போதே டாக்டரைப் பாருங்க. புண்ணுல இருந்து எடுக்குற மாதிரியை பி.சி.ஆர். செஞ்சா தெளிவா தெரியும். அறிகுறியே இல்லாம சும்மா ரத்தப் பரிசோதனை செஞ்சா தப்பான ரிசல்ட்டும் வரலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம்.

ஊர்ல தெரிஞ்ச முகமா இருக்கேன்னு தயங்கினா, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியா மதுரைக்கு பஸ் ஏறுங்க. அரசு ராஜாஜி மருத்துவமனையில பால்வினை நோய்ப் பிரிவு இருக்கு. அரசு மருத்துவமனைகள்ல 'சுகவாழ்வு மையம்'னு போர்டு இருந்தா அதுவும் இதுக்குத்தான். சிகிச்சை இலவசம், விவரம் ரகசியம். ஹெர்பிஸ் புண்ணுக்கு அங்க தர்றது சிவப்பு நிற மருந்துப் பெட்டி: அசைக்ளோவிர் 400 மி.கி., தினம் 3 வேளை, 7 நாள். சீக்கிரம் ஆரம்பிச்சா வலியும் நாளும் குறையும். அடிக்கடி வந்தா தினமும் சாப்பிடுற மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க; அது துணைக்குப் பரவுறதையும் குறைக்கும்.

கூடவே எச்.ஐ.வி., சிபிலிஸ் டெஸ்ட்டும் எடுத்துடுங்க. எச்.எஸ்.வி.-2 இருந்தா எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு கூடும். முதல்ல போன்ல பேசிப் பாக்கணும்னா 1097, கட்டணம் இல்லாத நம்பர்.

புண் இருக்கும்போதும், வர்றதுக்கு முன்னாடி குறுகுறுப்பு தெரியும்போதும் உறவு வேண்டாம். மத்த நாள்ல காண்டம். அது ஆபத்தைக் குறைக்கும், முழுசா தடுக்காது. கர்ப்பமா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. பிரசவ நேரத்துல புண் இருந்தா குழந்தைக்குத் தொற்றலாம். முன்கூட்டியே தெரிஞ்சா சிசேரியன் மாதிரி வழி இருக்கு.

ஹெர்பிஸ் இருக்கிறவங்க காதலிக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தை பெத்துக்கலாம். துணைகிட்ட இதை முன்னாடியே சொல்லிடுறதுதான் கஷ்டமான வேலை. புண் வந்த ராத்திரி சொல்றதைவிட, ரெண்டு பேரும் நிதானமா இருக்கிற ஒரு சாயங்காலம் சொல்லுங்க.