தொலைநோக்கியும் கணிப்பொறியும்

விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே செல்வனபோல் தோன்றுகின்றன. சுழல்வது உண்மையில் பூமியே. அச்சுழற்சியை ஈடுசெய்து ஒரே விண்மீனை நெடுநேரம் காட்டுவதற்காகத் தொலைநோக்கியின் தாங்கியில் மோட்டார் பொருத்தப்படுகிறது. அதனைக் கணிப்பொறியுடன் இணைத்தால், வேண்டிய விண்மீனை நோக்கித் தொலைநோக்கி தானே திரும்பும். ஆனால் அவ்விணைப்பில் ஓர் அபாயம் உண்டு.

இக்கருவிகள் மின்னழுத்த மாறுதல்களாலேயே செய்தி பரிமாறிக்கொள்கின்றன. கணிப்பொறிகளுக்கென நெடுங்காலம் வழங்கிய ஆர்.எஸ்.232 முறை 1960-இல் வகுக்கப்பட்டது. அதன் மின்னழுத்தம் நேராகவும் எதிராகவும் 15 வோல்ட் வரை செல்லலாம். தாங்கியின் உட்சுற்றோ 5 வோல்ட் அளவில் இயங்குவது. ஸ்கைவாட்சர் நிறுவனத்தின் ஈக்யூ6 தாங்கியின் பழைய வகைகளில், கைக்கட்டுப்பாட்டுக் கருவியைச் செருகும் வாய், கணிப்பொறியின் வாயைப் போலவே ஒன்பது முனைகள் கொண்டது. பொருந்துகிறதே என்று இரண்டையும் நேரே இணைத்தால் உட்சுற்று கருகிவிடக்கூடும். யு.எஸ்.பி.யை ஆர்.எஸ்.232-ஆக மாற்றும் சாதாரணக் கம்பியும் இத்தீங்கையே விளைவிக்கும்.

பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று, கைக்கட்டுப்பாட்டுக் கருவியில் கணிப்பொறிக்கென அமைந்த வாயில், அதற்குரிய கம்பியைச் செருகுதல். மற்றொன்று, 5 வோல்ட் அளவுக்கு மாற்றித் தரும் ஈக்யூடிர் என்னும் இடையிணைப்பைக் கொள்ளுதல். எவ்வழியாயினும், மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பிகளைச் செருகவேண்டும். முதல் ஓட்டத்தின்போது கம்பிகள் தாங்கியில் சுற்றிக்கொள்ளாதவாறு அருகிலிருந்து கவனித்தல் நன்று.

முனைகள் பொருந்துவது வேறு, மின்னழுத்தம் பொருந்துவது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து இணைப்பவரின் கருவி நெடுநாள் உழைக்கும்.